வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கேட்டவை

புரட்டாசி முழுக்க சைவம்தான். ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை, ஆனாலும் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு; இறங்கினால் ரத்தம் சீக்கிரம் உறையும்) 2.6-லிருந்து 1.7-க்கு இறங்கிவிட்டது. ஏன்? — சாட்ஸ்வொர்த் வாசகி

சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். கறி, மீன் நின்றதும் முருங்கைக்கீரையும் முளைக்கீரையும் வாரத்தில் நாலைந்து நாள் வந்துவிடும். கீரையில் வைட்டமின் கே அதிகம். அந்த வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான் வார்ஃபரின் ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. கீரை கூடினால் மாத்திரையின் பிடி தளரும்.

இதற்காகக் கீரையையே விட்டுவிடச் சொல்வதை நான் ஏற்பதில்லை. வாரம் இரண்டு நாள் என்றால் ஆண்டு முழுவதும் இரண்டு நாளாகவே இருக்கட்டும். விரதம் தொடங்கும் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். தொடங்கி ஒரு வாரத்தில் ஒரு பரிசோதனை, அசைவத்துக்குத் திரும்பி ஒரு வாரத்தில் இன்னொன்று. நீங்களாக அரை மாத்திரை கூட்டவே வேண்டாம். கூட்டியதன் முழுப் பலன் தெரிய ஐந்தாறு நாளாவது ஆகும். புரட்டாசி முடிந்து கீரை குறையும்போது அதே அளவு உங்களுக்கு மிகையாகிவிடும்.

மகனுக்கு இதயத்தில் செயற்கை மைட்ரல் வால்வு. தைப்பூசத்துக்கு அலகு குத்துவதாக வேண்டுதல். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தலாமா? — டர்பன் வாசகி

நிறுத்தக் கூடாது அம்மா. அலகும் வேண்டாம். இந்த வால்வுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். மருந்தை விட்டால் வால்விலேயே ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இரண்டு நாள் விட்டாலும் மருந்தின் வேகம் முழுதாக அடங்காது, குத்திய இடத்தில் ரத்தம் நிற்கச் சிரமப்படும். தோலில் துளையிட்டால் அதன் வழியே போகும் கிருமி வால்வில் குடியேறும் ஆபத்து வேறு. அலகில்லாமல் பால்குடம் எடுக்கட்டும். முருகனுக்கு அதுவும் காணிக்கைதான். காவடி சுமக்கலாமா என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும். விரத நாட்களில் சாப்பாடு குறைந்தால் ஐ.என்.ஆர். ஏறக்கூடும், இடையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிபி மருந்து ஆறு மாதம் முடிந்து போன மாதம் நிறுத்தினார்கள். இப்போது அடிக்கடி மூக்கில் ரத்தம். — ஃபீனிக்ஸ் வாசகர்

இன்றே போய் ஐ.என்.ஆர். பாருங்கள். டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் வார்ஃபரினை ஈரலில் வேகமாகக் கரைத்துவிடும். அதனால் டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார். ரிஃபாம்பிசின் நின்ற பிறகு சில வாரங்களில் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பும், கூட்டிய வார்ஃபரின் அப்படியே தங்கிவிடும். தொடங்கும்போது காட்டிய கவனத்தை நிறுத்தும்போதும் காட்ட வேண்டும். பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

முழங்கால் வலிக்கு என்ன போடலாம்?

இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். ஐ.என்.ஆர். சரியாக இருந்தாலும் வயிற்றில் ரத்தம் கசியலாம். பனாடோ (பாராசிட்டமால்) பரவாயில்லை; ஆனால் தினம் நாலு மாத்திரை, அதாவது 2 கிராம், என்று நாட்கணக்கில் போனால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும்.

பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமா?

செயற்கை உலோக வால்வு இருந்தால் கூடாது. மற்றவர்கள் மாறலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஐ.என்.ஆர். தேவையில்லை, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரகப் பரிசோதனை அவசியம்.

ராத்திரி மறந்த மாத்திரையைக் காலையில் போடலாமா?

வேண்டாம். அன்றிரவு வழக்கமான அளவை மட்டும் போடுங்கள், இரட்டிப்பாக்காதீர்கள். விட்ட தேதியை கிளினிக் அட்டையில் குறித்துவையுங்கள்.