டேக் ஒட்டினால் பெட்டி திரும்பி வந்துவிடுமா? – கேள்வி பதில்

பல கம்பெனிகள் மாற்றி மாற்றிப் புழங்கும் பிளாஸ்டிக் கிரேட், பின் (bin, பார்ட்ஸ் போடும் தொட்டி), பாலெட் (சரக்கு அடுக்கும் அடிப்பலகை) இவற்றை ஆர்எஃப்ஐடி வைத்துக் கணக்கு வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஆர்எஃப்ஐடி என்றால், பெட்டியில் ஒட்டிய சின்ன சிப் (டேக்) தன் நம்பரை ரேடியோ அலையில் சொல்ல, ரீடர் என்ற கருவி அதைத் தூரத்திலிருந்தே படிப்பது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை கேட்டில் ரீடர் மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் பதில்களில் ஆட்டோ பார்ட்ஸ் வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

ஒரகடம், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்: சார், பார்ட்ஸ் போட்டு நாங்க அனுப்புற பின், காலியா திரும்பி வர்றப்ப எப்பவும் குறையுது. கேட்டா "எங்களுக்கு வந்ததே அவ்வளவுதான்"னு சொல்றாங்க. டேக் போட்டா இது நிக்குமா?

டேக் மட்டும் போட்டால் நிற்காது. டேக்குக்குக் கால் கிடையாது. கடைசியாக எந்த ரீடரைத் தாண்டியது என்று மட்டும்தான் சொல்லும். உங்கள் பின் காணாமல் போகும் விதத்தைப் பாருங்கள்: யாரும் திருடுவதில்லை. லைன் ஓரத்தில் நட்டு போல்ட் போட்டு வைக்க ஒன்று, மெயின்டனன்ஸ் ஆளுக்கு ஒன்று, ஸ்கிராப் அள்ள ஒன்று, அங்கிருந்து இன்னொரு சப்ளையருக்கு மாறிப் போனது நாலு. பின்னை வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு செலவும் இல்லை, அதுதான் நோய்.

சிஹெச்இபி என்ற நீலப் பாலெட் கம்பெனியைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை ஆஸ்திரேலியாவில் விட்டுப்போன பாலெட்டையும் ஃபோர்க்லிஃப்டையும் வைத்து அந்நாட்டு அரசு நடத்திய பொதுத்தொகுப்பு (பலரும் எடுத்துப் புழங்கித் திருப்பித் தரும் ஏற்பாடு) அது. 1958இல் பிராம்பிள்ஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி அதை வாங்கியது. ஆர்எஃப்ஐடி எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது ஓடியதற்குக் காரணம், யார் பெயரில் பாலெட் நிற்கிறதோ அவர் வாடகை கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு. நீங்களும் முதலில் அதை எழுதுங்கள்: இத்தனை நாள் இலவசம், அதற்கு மேல் நாள் வாடகை, இன்ன கெடு தாண்டினால் பின்னின் விலை. அந்தக் கணக்கில் "வந்தது, வரவில்லை" என்ற வாய்த்தகராறை முடித்துவைக்கத்தான் டேக்.

திருப்பூர்: பார்கோடு போதாதா?

ஒரு நாளைக்கு நூறு இருநூறு பெட்டிதான் கைமாறுகிறது என்றால் தாராளமாகப் போதும். பார்கோடை ஒவ்வொன்றாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக் காட்ட வேண்டும். ஃபிலிம் சுற்றிய பாலெட்டின் நடுவில் இருக்கும் கிரேட்டை அப்படிக் காட்ட முடியாது. டேக் போட்டாலும் அதே நம்பரை க்யூஆராகவும், கண்ணால் படிக்கிற எழுத்தாகவும் பெட்டியில் போட்டுவிடுங்கள். டேக் செத்துப்போன பெட்டிக்கு அதுதான் அடையாளம்.

திருச்சி, கல்லூரி மாணவர்: அண்ணா, டேக்ல பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

பேட்டரியே இல்லை, தம்பி. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அந்த அலையையே மாற்றித் திருப்பி அனுப்பிப் பதில் சொல்கிறது. கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இதே ஜாதிதான். இந்தியாவில் இதற்கான அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை.

ஓசூர், வார்ப்படத் தொழிற்சாலை: எங்களுடையது எல்லாம் இரும்பு பின். டெமோவில் எல்லாம் படித்தது. கேட்டில் மாட்டியதும் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. போகாத பின்னைப் போனதாகக் காட்டுகிறது.

இந்தத் தொழிலில் பாதி வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரும்பின் மேல் சாதாரண ஸ்டிக்கர் டேக் ஒட்டினால் பேசவே பேசாது. அடியில் இடைவெளி விட்டுச் செய்த மெட்டல் டேக்தான் வேண்டும். அதை ரிவெட் அடியுங்கள், பசையை நம்பாதீர்கள். டெமோவில் படித்தது என்பதால் இதை நீங்கள் சரியாகவே செய்திருப்பீர்கள்.

உங்கள் சிக்கல் அடுத்தது. இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும். ஷட்டர், லாரியின் பக்கத் தகடு, எதிரே நிற்கும் பின் அடுக்கு என்று எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்து, ரீடர் எட்டாத மூலையையும் எட்டிவிடுகிறது. ஃபோர்க்லிஃப்ட் பன்னிரண்டு பின்னைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டுகிறது; திரையில் பதினைந்து விழுகிறது. கூடுதல் மூன்று, தூண் ஓரமாக நேற்றிலிருந்து சும்மா நிற்கும் அடுக்கு.

எல்லாரும் முதலில் பவரைக் கூட்டுவார்கள். நீங்கள் குறையுங்கள். கேட்டைத் தாண்டும் பின் தவறாமல் படிக்கிற குறைந்தபட்ச அளவில் நிறுத்துங்கள். ஆன்டெனாவை வெளியே பார்க்க வைக்காமல் கேட்டின் நடுத்தரையை நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். இருபுறமும் ஒளி சென்சார் வைத்து, எது முதலில் மறைகிறது என்பதை வைத்து உள்ளே வந்ததா வெளியே போனதா என்று முடிவு செய்யுங்கள்; வண்டி தாண்டாத நேரத்தில் ரீடர் வாயைத் திறக்கவே கூடாது. சிக்னல் பலத்தையும் பதிந்து வையுங்கள். தாண்டிப் போகும் டேக்கின் பலம் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். சும்மா நிற்பது ஒரே மட்டத்தில் முனகிக்கொண்டிருக்கும். இவ்வளவும் செய்த பிறகு தரையில் மஞ்சள் கோடு போட்டு, "இந்தக் கோட்டுக்குள் பின் அடுக்கக் கூடாது" என்று எழுதுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட மலிவானது இதுதான். வெண்டர் யாரும் சொல்லமாட்டார், அதில் அவருக்கு விற்க எதுவும் இல்லையே.

பால் பண்ணை, ஈரோடு: பாக்கெட் வைக்கிற பிளாஸ்டிக் டிரே ஏஜென்ட்டுகளிடம் தங்கிப்போகிறது. பால் இருக்கும்போது டேக் படிக்குமா?

தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும், பாலும் அப்படியே. நிறைந்த டிரே அடுக்கின் நடுவில் இருப்பது சில நேரம் படிக்கும், சில நேரம் படிக்காது. அதனால் டிரே காலியாகத் திரும்பி, கழுவும் லைனில் ஒவ்வொன்றாகப் போகும் இடத்தில் படியுங்கள். அங்கே பிழை மிகக் குறைவு. வெளியே போவதற்கு, எந்த ஏஜென்ட்டுக்கு எத்தனை என்ற எண்ணிக்கை போதும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு: இன்ன டிரே இன்னாரிடம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

டிரே, வெந்நீரும் காரமும் தினமும் படுகிற பொருள். பாலிப்ரொப்பிலீன் வகை பிளாஸ்டிக்கில் ஸ்டிக்கர் சரியாக ஒட்டாது, ஓரம் எழும்பி உரிந்துவரும். புதிதாக வார்க்கப் போகிறீர்கள் என்றால் அச்சுக்குள்ளேயே லேபிளை வைத்து வார்த்துவிடச் சொல்லுங்கள்.

கோவை, மென்பொருள் பொறியாளர்: டேக் வரும்போதே ஒரு நம்பரோடு வருகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் கம்பெனிக்குள் மட்டும் சுற்றினால் வைத்துக்கொள்ளலாம். பொதுப் பெட்டிக்கு வேண்டாம். திருப்பி வாங்கும் பெட்டிகளுக்கென்றே, பார்கோடு எண்களை வகுக்கும் உலக அமைப்பான ஜிஎஸ்1, ஜிஆர்ஏஐ என்ற எண்முறை வைத்திருக்கிறது: கம்பெனி எண், பெட்டி வகை, அந்தப் பெட்டிக்கு மட்டுமான வரிசை எண். 96 பிட் டேக்கில் இதை எழுதினால் ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) முதல் இரண்டு இடம் 33 என்று வரும். கடையில் விற்கும் பொருளின் டேக் 30 என்று தொடங்கும். ரீடரிடம் "33இல் தொடங்குவது மட்டும் பேசட்டும்" என்று சொல்லிவிட்டால், கிரேட்டுக்குள் இருக்கும் சட்டைகளின் டேக் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். இந்த ஒரு வசதிக்காகவே ஜிஆர்ஏஐ எடுக்கலாம். 96 பிட்டில் வரிசை எண் வெறும் இலக்கமாக இருக்க வேண்டும், முன்னால் பூஜ்ஜியம் போடக் கூடாது. எழுதி முடித்ததும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள்; பூட்டாத டேக்கை யார் கையிலிருக்கும் ரீடரும் மாற்றி எழுதிவிடும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் போட்டியாளரும் இதே தொகுப்பில் இருக்கிறார். எங்களுக்கு எத்தனை லோடு போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடாதா?

டேக்கிலிருந்து தெரியாது, அதில் பெட்டி எண்ணைத் தவிர எதையும் எழுதாத வரை. உள்ளே என்ன சரக்கு, யாருடையது என்பதை டேக்கில் எழுதச் சொல்லும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். ரீடர்கள் படித்ததெல்லாம் போய்ச் சேரும் சர்வரில்தான் கவனம் வேண்டும். எந்தப் பொருள், எப்போது, எங்கே, எதற்காக என்று நிகழ்வுகளைப் பகிர இபிசிஐஎஸ் என்ற பொதுத்தரம் இருக்கிறது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை அது தீர்மானிக்காது. அதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். ஆனால் தொகுப்பை நடத்துபவர் கண்ணில் எல்லாம் படும். அவரே உங்கள் போட்டியாளரின் பங்காளி என்றால் சேராதீர்கள்.

ஸ்ரீபெரும்புதூர், இறக்குமதிப் பிரிவு: ஜெர்மனியிலிருந்து வரும் பின் திரும்பிப் போக வேண்டும். அவர்கள் டேக் இங்கே படிக்குமா மேடம்?

சார்தாங்க. படிக்கும், நல்ல டேக்குகள் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை பதில் சொல்லும். ரீடர்தான் அந்தந்த நாட்டு அலைவரிசையில் இருக்க வேண்டும். நீடித்து உழைக்கும் கன்டெய்னர்களுக்கான சுங்க அறிவிப்பின்படி பாண்டு (உறுதிமொழிப் பத்திரம்) கொடுத்து வரி விலக்கு வாங்கியிருப்பீர்கள். 6 மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், கேட்டால் கெடுவை நீட்டிப்பார்கள். உள்ளே வந்த தேதியைப் பெட்டிவாரியாக வைத்திருந்தால் எது கெடுவை நெருங்குகிறது என்று ஐந்தாம் மாதமே பட்டியல் எடுக்கலாம். முதலில் வந்ததை முதலில் அனுப்புங்கள், அடுக்கில் மேலே இருப்பதை அல்ல.

சேலம்: பெட்டிக்கு வாங்கும் டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி உண்டா?

திருப்பித் தரும் டெபாசிட்டாக இருக்கும்வரை அது விலை ஆகாது. பெட்டி வரவில்லை என்று அதை விலையில் கழித்துக்கொண்டால் ஆகும். மேற்கொண்டு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

மதுரை, வாட்டர் கேன் வியாபாரம்: அண்ணே, ஐந்நூறு கேன் சுத்துது. எனக்கு இது வேணுமா?

வேண்டாம். கேனுக்குள் தண்ணீர், வீட்டு வாசலில் ரீடரும் கிடையாது. கேன் மாற்றித்தானே கொடுக்கிறீர்கள்? காலி கேன் தராத வீட்டில் டெபாசிட் வாங்குங்கள், போதும். பிளான்ட்டில் பல வியாபாரிகளின் கேன் கலந்து மாறிப்போகிறது என்பதுதான் குறை என்றால், கழுத்துப் பக்கம் உங்கள் கடையின் நிறத்தில் பெயின்ட்டால் ஒரு பட்டை அடித்துவிடுங்கள்.