துளை ஆபரேஷனுக்குப் பிறகு தோள் ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 34. சினைப்பையில் சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருப்பதால் அடுத்த வாரம் லேப்ராஸ்கோபி என்கிற துளை ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். போன வருடம் இதே ஆபரேஷன் செய்துகொண்ட என் அக்கா, வயிற்று வலியைவிடத் தோள் வலியில்தான் மூன்று நாள் அழுதார். எனக்கும் அப்படி வருமா? குறைக்க வழி உண்டா?
- வாசகி, ஈரோடு

பதில்: வரலாம். நிறையப் பேருக்கு வருகிறது. ஆனால் உங்கள் அக்கா பட்ட அளவுக்கு நீங்கள் பட வேண்டியதில்லை. மயக்க மருந்து டாக்டராக நான் சொல்வது இதுதான்: வலியைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி ஆபரேஷன் தியேட்டருக்குள் நடக்க வேண்டியது. அதை முன்கூட்டியே பேசிவைக்க உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது.

முதலில் காரணம். கேமரா வைத்து உள்ளே பார்க்க இடம் வேண்டும். அதற்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, வயிற்றைக் கூடாரம் போலத் தூக்குகிறார்கள். முடிந்ததும் வெளியே விட்டுவிடுவார்கள். கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். நீங்கள் எழுந்து உட்கார்ந்ததும் அது மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடியில் போய் நிற்கும். உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோளுக்கான உணர்ச்சி நரம்புகளும் கழுத்தில் அதே மட்டத்தில்தான் போய்ச் சேர்கின்றன. உறுத்துவது உதரவிதானம், மூளைக்குத் தெரிவது தோள் வலி. மற்றபடி தோளில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு மூன்று நாளில் அந்த வாயு ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே போய்விடும்.

சாப்பாட்டால் வரும் 'கேஸ்' வேறு, இது வேறு. இது குடலுக்கு வெளியே நிற்கும் வாயு. ஓமத் தண்ணீரும் சோடாவும் கேஸ் மாத்திரையும் இதைத் தொடாது.

சரி, டாக்டரிடம் என்ன கேட்கலாம்? வாயுவைப் பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிரப்புவார்கள். முடிந்த அளவு குறைத்து வைத்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். கட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் குறைக்க முடியாமல் போகலாம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்தது, முடிக்கும்போது துளைகளின் வால்வைத் திறந்துவைத்து, நுரையீரலை நான்கைந்து முறை நன்றாக ஊதி, தங்கிய வாயுவை வெளியே தள்ளுவது. தனி மருந்தோ கருவியோ தேவையில்லை, சில நிமிட வேலைதான். துளை போட்ட இடங்களில் மரப்பு ஊசி போடுவதும், மயக்கம் தெளியும் முன்பே வலி மருந்தைத் தொடங்குவதும் கேட்க வேண்டியவைதான். இன்னொன்று, பஸ்ஸில் போனால் வாந்தி வரும் ஆளா நீங்கள்? மறக்காமல் சொல்லுங்கள். பெண்களுக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தி அதிகம், அப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் அதிகம். ஒவ்வொரு குமட்டலுக்கும் வயிற்றுத் தையல் இழுபடும். முன்பே ஊசி போட்டுத் தடுக்கலாம்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். பல சின்ன ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து டாக்டரை நோயாளி முதன்முதலில் பார்ப்பதே தியேட்டர் மேஜையில்தான். அவர் அப்போதுதான் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்திருப்பார். ஆஸ்துமா, அல்சர், சிறுநீரகப் பிரச்சினை எதையும் விசாரிக்க அவருக்கு நேரம் இருக்காது. இவை இருந்தால் சில வலி மருந்துகள் ஆகாது. முந்தின நாளே அவரைப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணிடம் "பொறுத்துக்கோம்மா, பிரசவமே பார்த்தவதானே" என்று வார்டில் சொல்வதை இன்றும் கேட்கிறேன். பொறுத்துக்கொள்ளாதீர்கள். வலியில் ஆழமாக மூச்சு விடாமல், நடக்காமல் படுத்துக் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும்.

இதற்கு நடுவில் 'லேசர் பேக்கேஜ், வலியே கிடையாது, மறுநாளே வேலைக்குப் போகலாம்' என்று போன் செய்யும் ஏஜென்ட்டுகள் வருவார்கள். லேசர் வைத்து வெட்டினாலும் வயிற்றில் வாயுவை நிரப்பித்தான் ஆக வேண்டும். உங்களை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கமிஷன் என்பதுதான் அவர்கள் கணக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு மூன்று நாள், வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடாமல், டாக்டர் எழுதிய நேரப்படி போடுங்கள். தோள் வலித்தால் இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைத்துச் சற்று நேரம் மட்டமாகப் படுங்கள். வாயு உதரவிதானத்தை விட்டு விலகும். தோளில் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் அடிக்கடி நடங்கள்.

மருந்துக்கடையில் கவனம். அசிக்லோபினாக் என்று எழுதிக் கொடுக்கும் வலி மாத்திரைகள் பலவற்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அதோடு தனியாகப் பாராசிட்டமால் 650 மாத்திரை நான்கு வேளை, அப்புறம் லேசாகக் காய்ச்சல் என்று கடைக்காரர் கொடுக்கும் சளி மாத்திரை. மூன்று பெயர், உள்ளே ஒரே மருந்து. ஒரு நாளுக்கு 4 கிராம் என்ற உச்ச அளவு உங்களுக்குத் தெரியாமலே தாண்டிவிடும், கல்லீரல் கெடும். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அந்த அளவு இன்னும் குறைவு. அட்டையின் பின்பக்கம் படியுங்கள். அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் கலவை மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இந்த ஆபரேஷனின் வலி தினமும் குறைய வேண்டும். நேற்றைவிட இன்று குறைவு, இன்றைவிட நாளை குறைவு. அது திரும்பிக் கூடினால், குறிப்பாகத் தோளில் இல்லாமல் வயிற்றிலேயே கூடினால், அதைக் 'கேஸ்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சாக்லேட் கட்டி குடலோடு ஒட்டியிருக்கும்போது அதைப் பிரிப்பதில் குடலில் காயம் படுவது அரிது, ஆனால் நடக்கும். சூட்டுக் கருவி பட்ட இடம் அன்று நன்றாகத் தெரிந்து, சில நாள் கழித்து ஓட்டை விழலாம். அதற்குள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். நான் பார்த்த ஒரு பெண் நான்காம் நாள் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, போனில் இரண்டு முறை கேட்டும் "கேஸ்தான், நடங்க" என்றே பதில் கிடைத்து, ஆறாம் நாள் எங்களிடம் வந்தார். பிழைத்தார், ஆனால் பெரிய கீறல் போட்டு இரண்டாம் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. வயிறு உப்பிக்கொண்டே போவது, வாந்தி, காய்ச்சல், நாடி வேகமாக அடிப்பது, காற்றுப் பிரியாமல் இருப்பது, இவற்றில் ஒன்று கூடும் வலியோடு சேர்ந்தாலும் போனில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேரில் போங்கள், டாக்டர் கையை வைத்துப் பார்க்கட்டும். மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ அந்த நிமிடமே 108ஐக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் இரவில் கூப்பிட்டால் எடுக்கும் எண் ஒன்றை வாங்கி, வார்டில் இருக்கும்போதே ஒரு முறை அடித்துப் பாருங்கள்.