ஏழு நாள் முன்பே ஒன்பது அங்குலம் காட்டுகிறதே, நம்பலாமா?

கேள்வி: அட்லான்டாவுக்கு வடக்கே கமிங்கில் இருக்கிறேன். சென்னையில் இருந்தபோது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஜி.எஃப்.எஸ். என்கிற அமெரிக்க வானிலைக் கணிப்பு மாடல், ஐரோப்பிய மாடல் இரண்டின் படங்களையும் விடாமல் பார்ப்பேன். இங்கே அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை. ஒரு வாரம் முன்பு 9 அங்குலம் ஸ்னோ காட்டிய படம், மூன்றாம் நாள் 2 அங்குலமாகி, கடைசியில் வெறும் மழையாகப் போனது. எந்த மாடலை, எப்போது, எப்படிப் பார்ப்பது?

பதில்: சென்னையில் ஒரு தாழ்வு மண்டலம் 50 கிலோமீட்டர் தள்ளிக் கரையேறினாலும் பெய்வது மழைதான், அளவுதான் மாறும். ஜார்ஜியாவில் அதே 50 கிலோமீட்டர் பெய்யும் பொருளையே மாற்றிவிடும். ஊருக்கு வடக்கே ஸ்னோ, ஊருக்குள் ஸ்லீட் (வழியிலேயே உறைந்த ஐஸ் மணிகள்), தெற்கே உறைமழை (நீராக விழுந்து, தொட்ட இடத்தில் ஐஸாவது), அதற்கும் தெற்கே சாதா மழை என்று ஒரே புயல் நான்கு விதமாக விழும். உங்கள் தலைக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டரில் இரண்டு டிகிரி கூடினால் ஸ்னோ போச்சு. அதனால் எத்தனை அங்குலம் என்ற கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கிவையுங்கள்.

ஒரு வாரத்துக்கு முன் மாடல் ஏன் தடுமாறுகிறது? ஜார்ஜியாவுக்கு வரப்போகும் மேலடுக்கு அலை அப்போது வட பசிபிக் மேல் எங்கோ இருக்கும். அங்கே செயற்கைக்கோள் பார்வை உண்டு, ஆனால் தரையில் இருந்து பறக்கவிடும் ஆய்வு பலூன்கள் கிடையாது. அலை அமெரிக்க மேற்குக் கரையைக் கடந்த பிறகுதான் தினம் இருமுறை ஏறும் பலூன்களின் வலைக்குள் சிக்கும். படம் திடீரென்று மாறுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே 5 முதல் 10 நாள் தூரத்தில் தனி ஓட்டங்களை விட்டுவிட்டுக் குழு மாடலைப் பாருங்கள், அதாவது தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே மாடலைப் பலமுறை ஓட்டிய தொகுப்பை. அமெரிக்கக் குழுவில் 31 உறுப்புகள், ஐரோப்பியக் குழுவில் 51. அந்த 51-இல் எத்தனை உங்கள் ஊரில் குறைந்தது 1 அங்குலம் காட்டுகின்றன, அந்த எண்ணிக்கை ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா, இவ்வளவு போதும். சராசரிப் படம் ஏமாற்றும். 45 உறுப்புகள் சுழியமும் 6 உறுப்புகள் 10 அங்குலமும் காட்டினால் சராசரி 1 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். அந்த ஓர் அங்குலத்தை எந்த உறுப்பும் சொல்லவில்லை!

நேரக் கணக்கு: மாடல்கள் யு.டி.சி. என்கிற உலகப் பொது நேரப்படி ஓடும். குளிர்காலத்தில் ஈஸ்டர்ன் நேரத்துக்கு 5 மணி கழியுங்கள். 12 மணி ஜி.எஃப்.எஸ். ஓட்டம் நமக்குக் காலை 10.30 வாக்கில் வரத் தொடங்கும். ஐரோப்பிய மாடல் பகல் 1 மணியை ஒட்டி. ஒரு நாளில் நான்கு ஜி.எஃப்.எஸ். ஓட்டங்களையும் துரத்தினால் தூக்கம்தான் கெடும். முழுப் பலூன் தரவு ஏறும் 00, 12 மணி ஓட்டங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

அதே நாட்களில் பார்க்கவேண்டிய இன்னொன்று தாழ்வின் பாதை. மெக்சிகோ வளைகுடாவில் உருவாகி, ஃப்ளோரிடாவின் வடபகுதியைத் தாண்டி, கரோலைனா கரையோரமாக ஏறும் தாழ்வு அட்லான்டாவுக்குக் கைகொடுக்கும். அதுவே அலபாமா, டென்னசி வழியாக உள்நாட்டில் ஏறினால் நாம் வெப்பக் காற்றுப் பக்கம் மாட்டிக்கொள்வோம். 2025 ஜனவரி 21-இல் தாழ்வு வெகு தெற்கே போனதால்தான் நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம் விழுந்தது. லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் தன் வரலாற்றில் முதல்முறையாகப் பனிச்சூறாவளி எச்சரிக்கை விடுத்தது.

3 நாளுக்குள் வந்தபின், உங்கள் ஊருக்கு மேல் உயரத்துக்கு உயரம் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று காட்டும் மேல்காற்று வரைபடத்துக்குப் போங்கள். பிவட்டல் வெதர், டிராபிகல் டிட்பிட்ஸ் தளங்களில் மாடல் படத்தின் மேல் உங்கள் ஊரைச் சொடுக்கினால் இது திறக்கும். சிவப்புக் கோடு வெப்பநிலை, பச்சைக் கோடு டியூ பாயின்ட் என்கிற பனிநிலை (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை). சாய்வாக ஓடும் 0 டிகிரி செல்சியஸ் கோட்டைக் கண்டுபிடித்து, 900 முதல் 700 மில்லிபார் வரை (சுமார் 1 முதல் 3 கிலோமீட்டர் உயரம்) சிவப்புக் கோடு அதன் வலப்பக்கம் மூக்கு நீட்டுகிறதா என்று பாருங்கள். இங்குள்ளவர்கள் அதை ‘வார்ம் நோஸ்’ என்றே சொல்வார்கள். மூக்கு 1 டிகிரிக்குள் இருந்தால் ஸ்னோ தப்பிக்கலாம். 1 முதல் 3 டிகிரி என்றால் பாதி உருகி, கீழே மறுபடி உறைந்து ஸ்லீட். 3-க்கு மேல் முழுதும் உருகிவிடும். தரை 32 ஃபாரன்ஹீட்டோ அதற்குக் கீழோ இருந்தால் உறைமழை, மேலே இருந்தால் மழை. (மேலே செல்சியஸ், தரையில் ஃபாரன்ஹீட். அமெரிக்க வழக்கம் இது, பழகிக்கொள்ளத்தான் வேண்டும்.) 540 கோடு என்று பலர் பார்க்கும் தடிமன் கோடு கீழடுக்குக் காற்றின் சராசரி வெப்பத்தை மட்டுமே சொல்லும், இந்த மூக்கைக் காட்டாது.

கமிங்குக்கே உரிய சிக்கல் ‘வெட்ஜ்’. நியூ இங்கிலாந்து, கியூபெக் பக்கம் வலுவான உயரழுத்தம் உட்கார்ந்தால், குளிர்ந்த வறண்ட காற்று அப்பலாச்சியன் மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி வழிந்து கரோலைனாக்களைத் தாண்டி வடகிழக்கு ஜார்ஜியா வரை வரும். மலையைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்கும். இந்தக் குளிர்க்காற்று ஆழமில்லாதது. உலக மாடல்கள் இதைச் சீக்கிரம் கரைத்துவிடும். நிஜத்தில் அது பிடிவாதமாக உட்காரும். 3 கிலோமீட்டர் கட்டங்களில் கணிக்கும் என்.ஏ.எம். (NAM) மாடலையும், புயலுக்கு முந்தைய கடைசி 18 மணி நேரத்தில் மணிக்கு மணி ஓடும் எச்.ஆர்.ஆர்.ஆர். (HRRR) மாடலையும் இதற்காகவே பார்க்கவேண்டும்.

வெட்ஜ் நாளில் வெப்பமானியைவிடப் பனிநிலைதான் முக்கியம். வெளியே 38 டிகிரி, பனிநிலை 20 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 18, அதில் மூன்றில் ஒரு பங்கு 6, 38-இல் கழித்தால் 32. தூறல் விழுந்து ஆவியாக ஆவியாகக் காற்று இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை வரை குளிரும். 38 டிகிரிதானே என்று வண்டியை எடுத்தவர் இரண்டு மணி நேரத்தில் பாலத்தின் மேல் வழுக்குவது இதனால்தான். பனிநிலை 34 என்றால் கவலை இல்லை. உறைமழைக்கு ஒரு சுயகட்டுப்பாடும் உண்டு: நீர் உறையும்போது வெப்பம் வெளியேறும், 31 டிகிரி மெல்ல 32 ஆகி உறைவது நின்றுவிடும். வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று தொடர்ந்து வந்தால் மட்டும் நிற்காது. கிளைகளில் கால் அங்குலம் ஐஸ் சேரும் என்றால் ஐஸ் புயல் எச்சரிக்கை. அரை அங்குலத்தில் பைன் மரங்கள் மின்கம்பி மேல் சாயும்.

இப்போது உங்கள் 9 அங்குலப் படம். பெரும்பாலான ஸ்னோ படங்கள் 1 அங்குல நீரை 10 அங்குல ஸ்னோவாக மாற்றிக் காட்டுகின்றன. பல தளங்களில் ஸ்லீட்டும் அந்தக் கணக்கில் சேரும். 0.8 அங்குல நீர் வரப்போகிறது என்றால் படம் 8 அங்குலம் காட்டும். அதில் பாதி ஸ்லீட் ஆனால் அது 1 அங்குலம்தான் தேறும். மீதிப் பாதி ஈர ஸ்னோ, 8 மடங்கு போட்டால் 3 அங்குலம் சொச்சம். ஆக 4. ஈரமான வெதுவெதுப்பான தரையில் முதல் அரை அங்குலம் உருகிப்போகும், அதையும் கழியுங்கள்.

இதற்குப் பதில் பீச்ட்ரீ சிட்டி வானிலை அலுவலகத்தின் முன்னறிவிப்பு விவாத உரையைப் படியுங்கள். எந்த மாடலை ஏன் நம்பவில்லை என்று அவர்களே எழுதுவார்கள். அவர்களின் குறைந்தபட்ச, அதிகபட்ச ஸ்னோ படங்களுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவு குழப்பம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவைவிடத் தொடங்கும் நேரம் முக்கியம் என்பதற்கு 2014 ஜனவரி 28 சாட்சி. அட்லான்டா விமான நிலையத்தில் பதிவானது 2.6 அங்குலம்தான். பள்ளி, அலுவலகம் எல்லாம் ஒரே பகலில் விட, சாலை ஐஸாகி ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் இரவைக் கழித்தார்கள், குழந்தைகள் பள்ளியிலேயே தூங்கினார்கள்.

புயல் நாளில் ரேடாரில் நிறம் தெரிந்தும் வெளியே ஒன்றும் விழவில்லை என்றால் மாடல் பொய்த்தது என்று முடிவு கட்டாதீர்கள். வறண்ட காற்றில் வழியிலேயே ஆவியாகிறது, அதே வேளையில் காற்றைக் குளிர்விக்கிறது. விழுவது ஸ்னோவா ஸ்லீட்டா என்பதை பொதுமக்கள் வானிலைத் தகவல் தரும் எம்பிங் (mPING) செயலியில் பதியுங்கள். அளக்க, வெள்ளை அடித்த 2 அடிச் சதுர ஒட்டுப்பலகையை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் முந்தின இரவே வையுங்கள். புல்மேல் அளந்தால் ஸ்னோ புல்நுனியில் நின்று கூடுதலாகக் காட்டும். பத்தில் ஒரு அங்குலம் வரை குறித்துக்கொண்டு துடைத்து வையுங்கள், 6 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக்கூடாது. 4 அங்குல மழைமானி இருந்தால் புனலையும் உள்குழாயையும் கழற்றிவிட்டு வெளி உருளையை மட்டும் வெளியே வையுங்கள். உள்குழாயில் அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, ஊற்றிய அளவைக் கழித்தால் நீரளவு கிடைக்கும்.