றோபோவும் றேக்கும்

வணக்கம் ஐயா,

நான் விசுவமடு. அறிவியல்நகரில் பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். றோபோட்டிக்ஸ் பக்கம் போக விருப்பம். அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது. “வெட்டு மெசின் வந்து கூலிச்சனத்தின்ர வயித்தில அடிச்சது காணாதே, மிச்சத்தையும் நீ படிச்சு முடிக்கப்போறியோ?” என்று ஏசுகிறார். றோபோ முதன்முதலில் தமிழர் செய்தது, சிலப்பதிகாரத்தில் ஆதாரம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுரை வந்தது. உண்மையா? இன்னும் இருபது வருடத்தில் மனிதனைப்போன்ற றோபோக்கள் எல்லா வேலையையும் செய்துவிடுமா? நான் மின்னியல் எடுப்பதா, கொம்பியூட்டர் எடுப்பதா? இங்கே றோபோ செய்து பழக ஒரு நல்ல கிட் வாங்கக்கூட வழியில்லை என்பது வேறு கவலை. பெயர் போடவேண்டாம்.

*

தம்பி,

உம்முடைய கடிதத்தை நான் படித்தது மச்சாள் வீட்டு விறாந்தையில் இருந்து. அவள் கச்சான் போடுவதற்குக் கிணற்றடிக் காணித் துண்டை வாரிக்கொண்டிருந்தாள். நான் கடிதத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தேன். அதனால்தான் இந்தப் பதில், இல்லாவிட்டால் மின்னியலா கொம்பியூட்டரா என்று கேட்டு வருகிற கடிதங்களுக்கு நான் எழுதுவதில்லை.

வாட்ஸ்அப் கட்டுரையை முதலில் முடித்துவிடுவோம், அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டைப் பொறிகளின் பட்டியல் ஒன்று வருகிறது: வளைவிற் பொறி, கருவிரல் ஊகம், கல்லுமிழ் கவண் என்று போகும். ஊகம் என்றால் குரங்கு. கிட்டப் போனவரைக் கடிக்கிற குரங்குப்பொறி என்று உரை சொல்கிறது. எனக்கும் மிகப் பிடித்த இடம் அது. ஆனால் அந்தக் குரங்கின் வாயை எது திறந்தது, எது மூடியது என்று ஒரு வரி இல்லை. பெருங்கதை என்ற காப்பியத்தில் உதயணன் என்ற அரசனைப் பிடிக்க ஒரு பொறியானையை விடுகிறார்கள், அதன் வயிற்றுக்குள் வீரர்கள். உள்ளே ஆள் இருந்தால் அது றோபோ இல்லைத் தம்பி, அது லொறி. 1206இல் அல்-ஜஸாரி என்ற மனிதர் கைகழுவத் தண்ணீர் ஊற்றும் பொம்மையையும் இன்னும் பல பொறிகளையும் படம் கீறி, எந்தத் துண்டை எப்படிச் செய்து எங்கே பொருத்துவது என்று எழுதிவைத்தார். எண்ணூறு வருடம் கழித்து அதைப் பார்த்துச் செய்யக்கூடியதாக இருந்தது. குரங்குப்பொறியைப் பற்றிப் பெருமைப்படுகிறவர்களில் ஒருவராவது ஒரு குரங்கைச் செய்து பார்த்தாரா என்று அடுத்தமுறை அந்தக் குறூப்பில் கேளும்.

சொல்லின் கதையைத்தான் நீர் கேட்டிருக்க வேண்டும், உம்முடைய அப்பாவின் கோபம் அதற்குள்தான் இருக்கிறது. றோபோ என்ற சொல் செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தில் இருந்து வந்தது. அந்த மொழியில் ‘றோபோட்டா’ என்றால் பண்ணையடிமைகள் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்துகொடுக்க வேண்டிய வேலை. எங்களிடம் அதற்கு அச்சொட்டான சொல் இருந்தது, ஊழியம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனத்திடம் கட்டாயமாக வாங்கிய வேலைக்கு அதுதான் பெயர். (இன்றைக்கு வங்கியில் ஏசிக்குள் இருப்பவரும் ஊழியர்தான், அவரிடம் இதைச் சொல்லவேண்டாம்.) சாபெக்கின் றோபோக்கள் இரும்பில் செய்ததுகூட இல்லை, சதைபோல ஏதோ ஒன்றைப் பிசைந்து செய்த ஆட்கள். ஆக, அந்தச் சொல் பிறந்த நாளில் இருந்தே கேள்வி ஒன்றுதான்: ஆர் தலையில் இருக்கிற எந்தச் சுமையை இது இறக்குகிறது?

முதல் தொழிற்சாலை றோபோவான யூனிமேட் 1961இல் நியூ ஜேர்சியில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலைக்கு இறங்கியது. அச்சில் வார்த்துச் சுடச்சுட வெளியே வருகிற உலோகத் துண்டுகளைத் தூக்கி வைப்பது அதன் வேலை. மனிதனின் கை வேகிற வேலை, அதை ஒரு இரும்புக் கை எடுத்துக்கொண்டது, மிக நல்லது. 2023இல் உலகத் தொழிற்சாலைகளில் 42 இலட்சத்துக்கு மேற்பட்ட றோபோக்கள் ஓடிக்கொண்டிருந்தன, தென்கொரியாவில் 10,000 தொழிலாளருக்கு 1,000க்கு மேல். அதுவும் நல்லது. இப்போது வன்னிக்கு வாரும்.

சண்டை முடிந்த பிறகு எங்கள் வயலுக்கு வந்த பெரிய மெசின் எது? உம்முடைய அப்பா ஏசுகிற அதே வெட்டு மெசின். அரிவி வெட்டி, உப்பட்டி கட்டி, சூடு வைத்து, ரக்ரர் விட்டுச் சூடடித்த அவ்வளவு வேலையையும் அது ஒருதரம் போய்த் திரும்புகிற நேரத்தில் முடித்துவிடுகிறது. நான் அதைக் குறைசொல்லத் தகுதியில்லாதவன், என்னுடைய இரண்டு ஏக்கருக்கும் அதைத்தான் பிடிக்கிறேன், தை மழைக்கு முதல் நெல்லு வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனால் காலபோக வெட்டுக் கூலியை நம்பியிருந்த பெண்களுக்கு அந்தக் கூலி போனது. அவர்களில் சிலர் பிறகு எந்த வேலைக்குப் போனார்கள் தெரியுமா? மிதிவெடி எடுக்க.

இதைத்தான் நான் கொஞ்ச நாளாக ஆரிடமாவது சொல்லவேண்டும் என்று இருந்தேன். கதிர் வெட்டுகிற வேலையை மெசின் எடுத்தது. வெடி தோண்டுகிற வேலை பெண்களின் கைக்கு வந்தது. எங்கேயோ தலைகீழாகப் போயிருக்கிறது.

வெடிக்குக் கிட்ட மெசினை விடத் தெரியாமல் போகவில்லை. 1972இல், வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு பிரித்தானிய இராணுவ அதிகாரி பற்றரியில் ஓடுகிற தள்ளுவண்டி ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கி, சந்தேகமான காரைத் தூரத்தில் இருந்தே கொழுவி இழுக்கிற மாதிரி மாற்றினார். அதனால் அதற்கு ‘வீல்பரோ’, அதாவது தள்ளுவண்டி, என்றே பெயர். இன்றைக்குக் குண்டு செயலிழக்கச் செய்கிற றோபோக்களுக்கெல்லாம் அது பாட்டன். அதற்கு நாற்பது வருடம் கழித்து, 2012இல், என் மச்சாள் பழைய சண்டை முன்னரங்கான முகமாலையில் மிதிவெடி எடுக்கிற வேலையில் றேக்கோடு முழங்காலில் இருந்தாள். எட்டு வருடம் இருந்தாள்.

அந்த வேலையை நீர் பார்த்திருக்கமாட்டீர், றோட்டில் போகும்போது மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத்தான் பார்த்திருப்பீர். ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு ஒழுங்கை. முன்னால் குறுக்கே ஒரு தடி கிடக்கும், தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடித்த நிலம், அந்தப் பக்கம் இனிப் பார்க்கவேண்டியது. முகத்துக்குக் கவசம், நெஞ்சில் இருந்து தொடைவரை பாரமான அங்கி, அதற்குள் சித்திரை வெயில். நிலத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும், இல்லாவிட்டால் கோடை மண் சீமெந்துதான். பிறகு பாரமான றேக்கால் மண்ணை இளக்கி, மெல்லிய றேக்கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் வாருவாள். தோட்டத்தில் சருகு வாருகிற றேக்கைப் போன்றதுதான். மிதிவெடிக்கு அமுக்கம் மேலே இருந்து வந்தால்தான் கோபம் வரும் என்பதால் மேலே குத்தக்கூடாது, பக்கவாட்டாகத்தான் போய்த் தொடவேண்டும்.

ஏன் உலோகத்தைக் கண்டால் கத்துகிற டிடெக்டரை நம்பிப் போகமுடியாது என்று நீர் கேட்பீர், பொறியியல் மாணவன் அல்லவா. சண்டை பிடித்த இரண்டு பக்கமும் வெடி புதைத்த நிலம் அது. ஒரு வகை உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்ரிக், அதற்குள் இரும்பு பேருக்குத்தான் இருக்கும். ஜொனி என்று சனம் சொல்லுகிற மற்றது மரப்பெட்டி. ஆனால் சண்டை நடந்த மண்ணில் சாணுக்குச் சாண் சன்னக் கோதும் செல் துண்டும் கிடக்கும். டிடெக்டர் கத்தவேண்டாத இடமெல்லாம் கத்தும், கத்தவேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடும்.

சங்கிலி மெசின் இருந்ததுதான். உருளையில் தொங்குகிற சங்கிலிகள் நிலத்தை அடித்துக்கொண்டு போகும், வெட்டையில் நன்றாக வேலை செய்யும், வெளிநாட்டு விருந்தினர் வந்தால் படம் எடுப்பார்கள். ஆனால் பங்கருக்கு அடுக்கிய பனங்குற்றியும் மண் அணையும் வேரும் இருக்கிற இடத்தில், ஒரு வெடியை வெடிக்கவைக்காமல் உடைத்துவிட்டுப் போகலாம், அணைக்குள் தள்ளிவிட்டும் போகலாம். பின்னால் போய்க் கையால் பார்க்கத்தான் வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாகச் செய்கிற மெசின் நெல்லு வெட்ட அருமையானது, ஐந்து சதவீதக் கதிரைக் குருவி பொறுக்கிவிட்டுப் போகட்டும். முகமாலையில் அந்த ஐந்து என்பது ஒரு பிள்ளையின் கால்.

றேக்கின் பல்லு எதிலாவது முட்டினால், அது வேரா கல்லா பிளாஸ்ரிக்கா என்று மச்சாளின் கைக்குத் தெரியும். எப்படி என்று கேட்டால், “முட்டுற விதம்” என்பாள், அதற்கு மேல் விளக்கம் வராது. செக்கர்ஸ் விளையாடக் கொம்பியூட்டரைப் பழக்குவது சுலபம், ஒரு வயதுக் குழந்தை பார்த்துத் தடவி நடப்பதைப் பழக்குவதுதான் பெரும்பாடு என்று றோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக் 1988இல் எழுதினார். 1997இல் செஸ் உலகச் சாம்பியன் கஸ்பரோவே இயந்திரத்திடம் தோற்றுப்போனார். அதற்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் மச்சாள் அந்த வேலைக்கே சேர்ந்தாள், கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

மெசினுக்கு இது கஷ்டம் என்பது பாதி நியாயம்தான், மற்றப் பாதியை எழுதுகிறவர்கள் குறைவு. வெட்டு மெசின் செய்தால் வாங்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. முகமாலையில் நிலம் வைத்திருந்தவர் முகாமில் இருந்து இரண்டு உரப்பையோடு திரும்பியவர், அவர் எதை வாங்குவார்? குடும்பத்தைத் தனியே இழுக்கிற ஒரு பெண்ணின் மாதச் சம்பளம் ஒரு இயந்திரக் கையின் விலைக்குக் கிட்டவும் வராது. மலிவான கை இருக்கும்வரை ஆர் மெசின் செய்வார்? இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028 ஜூனுக்குள் நிலத்தைச் சுத்தமாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நீர் படித்து முடிக்கிற காலம்தான். மனிதனைப்போன்ற றோபோ வந்து தேத்தண்ணி ஊற்றுமா என்று என்னைக் கேட்கிறீர்! வந்தால் ஊற்றட்டும், எனக்குச் சீனி குறைவு.

கிட் இல்லை என்று எழுதியதற்கு நன்றாக ஏசவேண்டும் என்று இருந்தேன். சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் றேடியோ கேட்ட கதை உமக்குக் கேட்டு அலுத்திருக்கும். அந்தக் கதையில் ஒருவரும் சொல்லாத துண்டு ஒன்று இருக்கிறது. செய்தி கேட்டது அப்பாவும் அயலட்டைப் பெரியவர்களும், பெடலைச் சுற்றியது நான். கை ஓய்ந்தால் செய்தி நின்றுவிடும், பின்மண்டையில் ஒரு குட்டு விழும். அந்த வீட்டு றோபோ நான்தான். எனவே ஏசாமல் விடுகிறேன், உமக்கு ஒரு கிட் கிடைக்கட்டும். அப்பாவோடு சண்டை பிடிக்காதேயும், அவர் கேட்டது நல்ல கேள்வி.

கடிதத்தை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். திட்டத்துக்குக் காசு முடிந்து அவளை நிற்பாட்டி வருடக்கணக்காகிறது. இன்னும் நிலத்தை ஒரு மீற்றர் ஒரு மீற்றராகத்தான் வாருகிறாள், தன் பக்கமாக, ஒரு சருகுத் துண்டு மிச்சம் இல்லாமல். வாருவதை நிற்பாட்டாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வளவைத் திருப்பிக் கொடுத்த நாளைச் சொன்னாள். சொந்தக்காரக் கிழவி படலையடியில் நின்று உள்ளே வரமாட்டன் என்று அழுதிருக்கிறா. மச்சாளின் குழுப் பெண்கள் ஒருவருக்குப் பின்னால் ஒருவராகக் கிணற்றடிவரை நடந்து போய்த் திரும்பி வந்த பிறகுதான் அந்த மனிசி காலை எடுத்து வைத்திருக்கிறா.

“அது சரி அத்தான், மெசின் கிளறி முடிச்சாப் பிறகு ஆர் முன்னுக்கு நடந்து காட்டுறது? இந்தப் பெடியனோ?” என்றாள்.

மின்னியல் எடும். சனிக்கிழமை நேரம் இருந்தால் வாரும், அவளிடம் அந்த மெல்லிய றேக்கைப் போலவே ஒன்று இருக்கிறது, பிடித்துப் பார்க்கலாம். வெறுங்கையோடு வராமல் தருமபுரத்தில் இறங்கிக் கொஞ்சம் விதைக் கச்சான் வாங்கிவாரும், அவளுக்கு அரைத் துண்டுக்குத்தான் காணும்.