வரிசையும் வீடும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்குத் தேவாலயத்தில் இயங்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையில் பல வருடங்களாக இருக்கிறேன். மாதாமாதம் ஏழைகளுக்கு உதவிப்பொருள் கொடுக்கிறோம். அதே குடும்பங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உழைக்க மனமில்லாதவர்கள் என்றே தோன்றுகிறது. கத்தோலிக்க அமைப்புகளால் உண்மையில் வறுமை குறைகிறதா? இலவசத்தை நிறுத்திவிட்டுக் கடனாகக் கொடுக்கலாமா? திருச்சபையின் சொத்தை விற்றாலே போதும் என்கிறார் நண்பர்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொத்துப் பேச்சை விடுங்கள். ஒருமுறை விற்றுப் பங்கிட்டால் மறுமாதம் என்ன செய்வது?

கடன் நல்ல யோசனைதான், பழைய யோசனையும்கூட. வட்டிக்காரர்களிடமிருந்து ஏழைகளை மீட்க பிரான்சிஸ்கன் துறவிகளின் தூண்டுதலில் 1462இலேயே இத்தாலியின் பெருஜியாவில் அடகுக்கடன் நிலையம் தொடங்கியது. ஸ்பெயினின் மோந்திராகோனில் அருட்தந்தை அரிஸ்மெந்தியாரியெத்தா ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அவருடைய மாணவர்கள் 1956இல் ஆரம்பித்த தொழிலிலிருந்து வளர்ந்த கூட்டுறவுக் குழுமம் இன்று பல்லாயிரம் பேருக்கு வேலை தருகிறது. வறுமை குறைகிறதா என்றால், இப்படிச் செய்த இடங்களில் குறைந்திருக்கிறது.

ஆனால், ‘உழைக்க மனமில்லாதவர்கள்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்? உங்கள் சபையே அப்படிப் போவதற்காகப் பிறந்ததுதானே! 1833இல் பாரிஸில் அதை நண்பர்களோடு தொடங்கியபோது மாணவர் பிரெடெரிக் ஓசானாமுக்கு வயது 20. அவரையும் நண்பர்களையும் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பிப் பழக்கியவர் அருட்சகோதரி ரோசலி ரெந்து. இருவர் இருவராகப் போனார்கள். நீங்களோ அவர்களை உங்களிடம் வரவழைத்து வரிசையில் நிறுத்துகிறீர்கள்.

நானும் அந்த வரிசையில் நின்றவன். அது வேறொரு அமைப்பு. பையைக் கொடுக்கும்போது போட்டோ எடுப்பார்கள். அம்மா பையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வாள். அவளும் சோம்பேறி என்றே பெயர் வாங்கினாள். பிற்பாடு உங்கள் சபைக்காரர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். எதையும் நீட்டவில்லை. தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அம்மா இரவெல்லாம் தைத்துச் சம்பாதித்தது முழுக்க அப்பாவின் மருத்துவத்துக்கு வாங்கிய கடனின் வட்டிக்கே போகிறது என்று. அந்தக் கடனை அவர்கள் அடைத்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பை தேவைப்படவில்லை. வரிசையில் எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் இது யாருக்காவது தெரிந்திருக்குமா?

அருட்தந்தை ஜோசப் வ்ரெசின்ஸ்கி வறுமையிலேயே வளர்ந்தவர். 1956இல் பாரிஸுக்கு அருகே நுவாசி-லெ-கிராண்டில் இருந்த வீடற்றோர் முகாமுக்கு வந்ததும் அங்கே நடந்த சூப் விநியோகத்தை நிறுத்தினார்; நூலகமும் மழலையர் பள்ளியும் உருவாயின. அதற்காக நீங்களும் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அவர் அந்த மக்களோடே தங்கியிருந்தவர்.

கோபமாக எழுதிவிட்டேன். இத்தனை வருடம் சலிக்காமல் செய்துவருகிறீர்கள், அது சாதாரணமில்லை. இந்த மாதம் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரே ஒரு வீட்டுக்குப் போங்கள். பதிவேடு வேண்டாம், கேமரா வேண்டாம். யாருக்கு, எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கடன் திட்டத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்