14 குஞ்சுக்கும் உச்சியில் பொட்டு: அத்தனையும் சேவலா?

ஒரு வாசகரின் கேள்வி: "என்னிடம் வரி போட்ட பிளிமத் ராக் சேவல் ஒன்றும் மூன்று ரோட் ஐலண்ட் ரெட் பெட்டைகளும் இருக்கின்றன. உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை என்று கேள்விப்பட்டு இவற்றைச் சேர்த்துவிட்டேன். பொரிந்த 14 குஞ்சுக்கும் பொட்டு இருக்கிறது. இப்போது ஆறு வாரம் ஆகிறது. 14-ம் சேவலா? தனிக் கூண்டில் நீல ஆர்பிங்டன் ஜோடி ஒன்றும் வளர்க்கிறேன். அது கறுப்பும் அழுக்கு வெள்ளையுமாகக் குஞ்சு தருகிறது. கலப்படக் கோழியைத் தலையில் கட்டிவிட்டார்களா? கூர்முனை முட்டையில் சேவல் வரும் என்பது உண்மையா?"

முதலில் நிம்மதியாக இருங்கள். 14-ம் சேவலாக அமைய 16,384-ல் ஒரு வாய்ப்புதான். உங்கள் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி பெட்டையாகத்தான் இருக்கும். நீங்கள் கேள்விப்பட்ட விதியும் சரியானதுதான். ஜோடி தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான்.

கோழியில் ஆணா பெண்ணா என்பதைத் தாய்தான் முடிவு செய்கிறது. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இறகில் வரி போடும் மரபணு இந்த இசட் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. குஞ்சின் உச்சியில் பொட்டு வைப்பதும் அதே மரபணுதான். பெட்டை தன்னிடமுள்ள ஒரே இசட்டை மகனுக்குக் கொடுக்கிறது. மகளுக்கு டபிள்யூவைக் கொடுக்கிறது. ஆக, வரி தாயிடம் இருந்தால் அது மகன்களுக்கு மட்டும் போகும். தகப்பனிடம் இருந்தால் மகன், மகள் என்று பார்க்காமல் எல்லோருக்கும் போகும். உங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது. 14-க்கு 14 வரியோடு வந்திருப்பதால், உங்கள் சேவலிடம் இரண்டு இசட்டிலும் வரி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். நல்ல சேவல்தான், இந்த வேலைக்குத்தான் ஆகாது.

இதைத் திருப்பிப் போடுங்கள். ரோட் ஐலண்ட் ரெட் சேவல், வரிப் பிளிமத் ராக் பெட்டைகள். பொரிந்த குஞ்சு எல்லாமே கறுப்பாக இருக்கும். மகன்களுக்குப் பொட்டு இருக்கும், மகள்களுக்கு இருக்காது. சிவப்புச் சேவல்தான் வேண்டும் என்றும் இல்லை. நியூ ஹாம்ப்ஷயர், கறுப்பு ஆஸ்ட்ராலார்ப் என்று வரி இல்லாத எந்தச் சேவலும் சரி. வெள்ளைச் சேவலை மட்டும் தொடாதீர்கள். வெள்ளை நிறம் எல்லாவற்றையும் மூடி மறைக்கும். அதனடியில் வரி ஒளிந்திருந்தாலும் வெளியே தெரியாது. உங்கள் நீலச் சேவலைப் போட்டால் கணக்கு சரியாக வரும், ஆனால் நீலமாகப் பிறக்கும் குஞ்சின் வெளிறிய ரோமத்தில் பொட்டு எடுப்பாகத் தெரியாது.

பொட்டைப் பார்ப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஈரக் குஞ்சில் தேடாதீர்கள். ரோமம் ஒட்டிக் கிடக்கும்போது பொட்டும் மறைந்து போகும். நன்றாகக் காய்ந்து பஞ்சாக உப்பிய பிறகு, உள்ளங்கையில் நிறுத்தி, தலைக்கு நேர் மேலே இருந்து வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்பு தொட்ட விரலை உச்சியில் வைத்து எடுத்தது போல இருக்கும். கறுப்புக் குஞ்சுக்கு வயிறும் இறக்கை நுனியும் வெளுப்பாக இருப்பது சாதாரணம், அதைப் பொட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்த்த கையோடு காலில் நிற வளையம் போட்டுவிடுங்கள். இறகு முளைக்க ஆரம்பித்தால் பொட்டு போய்விடும். கால் பருக்கப் பருக்க வளையத்தையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சதைக்குள் இறங்கிவிடும்.

சேவலை மாற்றிய மறுநாளே முட்டை சேர்த்துவிடாதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டையின் உடலுக்குள் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு தங்கும். பழைய சேவலைப் பிரித்து முழுதாக மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் நம்பலாம். எந்தக் கூண்டு முட்டை என்று பென்சிலால் ஓட்டின் மேல் குறித்து வையுங்கள். அடைவைத்த 18-ம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தும்போது, நடுவில் வலை வைத்து இரண்டு கூண்டு முட்டைகளையும் பிரித்துவிடுங்கள். பொரிந்து கலந்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

இந்த முறை ஒரு தலைமுறைக்குத்தான். பிறந்த குஞ்சுகளையே பிறகு ஒன்றோடொன்று சேர்த்தால், ஆணிலும் பாதிக்கு வரி வரும், பெண்ணிலும் பாதிக்கு வரும். பொட்டுக்கு அர்த்தமே போய்விடும். அதனால் தாய்க் கோழிகளைக் கலக்காமல் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமுறை தலைமுறையாக நிறத்தாலேயே பால் தெரிய வேண்டும் என்றால் அதற்கென்றே உருவாக்கிய இனங்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் பன்னட், பீஸ் என்ற மரபியலாளர்கள் தங்க நிற கேம்பைன் கோழியில் வரி மரபணுவைச் சேர்த்து கேம்பார் என்ற இனத்தை எடுத்தார்கள். ஆணுக்கு வரி இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. அதனால் ஆண் குஞ்சு கூடுதலாக வெளுத்துப் பிறக்கிறது. அதே வழியில் வந்த கிரீம் லெக்பார் இன்றும் பலர் விரும்பி வளர்ப்பது. அதன் பெண் குஞ்சு முதுகில் அணில் போலத் தெளிவான கருங்கோடு ஓடும், கண்ணோரத்திலும் மை தீட்டியது போல ஒரு கோடு இருக்கும். ஆணுக்கு இவை கலைந்து மங்கி, தலையில் பொட்டு இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கூடப் பிரித்துவிடுவார். எனக்கு மிகவும் பிடித்த குஞ்சுகள் இவைதான்.

பொன்னிறம், வெள்ளி நிறம் என்ற வேறுபாடும் இசட் மேல்தான் இருக்கிறது. பொன்னிற வகையான ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வெள்ளி வகையான லைட் சஸ்ஸெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால் ஆண் வெளிர் மஞ்சள், பெண் செம்பழுப்பு.

இனி நீல ஆர்பிங்டன். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நீலம் என்பது கறுப்பை நீர்க்கச் செய்யும் ஒரு மரபணுவின் வேலை. ஒரு பங்கு இருந்தால் நீலம். இரண்டு பங்கு இருந்தால் நீலத் தெறிப்போடு அழுக்கு வெள்ளை, இதை ஸ்பிளாஷ் என்பார்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் கறுப்பு. நீலத்தோடு நீலம் சேர்ந்தால் சராசரியாக நான்கில் ஒன்று கறுப்பு, இரண்டு நீலம், ஒன்று ஸ்பிளாஷ். எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் இது மாறாது. எல்லாமே நீலமாக வேண்டுமா? நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் கறுப்பையும் ஸ்பிளாஷையும் ஜோடி சேர்த்துப் பாருங்கள், ஒவ்வொரு குஞ்சும் நீலம். அதனால் அவற்றை விற்றுவிட வேண்டாம். இந்த மரபணு இசட் மேல் இல்லாததால், நீல நிறத்தை வைத்து ஆண் பெண் சொல்ல முடியாது.

லாவெண்டர் என்று விற்பதும் பார்வைக்கு நீலம் போலவே இருக்கும், ஆனால் அது வேறு மரபணு. லாவெண்டரோடு லாவெண்டர் சேர்ந்தால் எல்லாமே லாவெண்டர்தான். அதையே தொடர்ந்து செய்தால் சில வம்சாவளிகளில் இறகு நைந்து பிய்ந்து போகிறது. அவ்வப்போது நல்ல கறுப்புக் கோழியோடு சேர்த்து மீண்டும் எடுப்பது நல்லது.

கூர்முனை முட்டை விஷயத்தில் உண்மை இல்லை. முட்டையின் வடிவம் அந்தந்தப் பெட்டையின் கருக்குழாயைப் பொறுத்தது. ஒரே பெட்டை எப்போதும் ஏறக்குறைய ஒரே வடிவில்தான் இடும். இறக்கை இறகின் நீளம் பார்ப்பதும் அதற்கென ஜோடி சேர்த்த கோழிகளில்தான் பலிக்கும். ஆசனவாய் பார்த்துப் பிரிக்கும் முறை ஜப்பானில் வளர்ந்த நுட்பமான கலை. பழகாத கை அழுத்தினால் குஞ்சின் குடல் கிழிந்து செத்துப் போகும். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சரி, கையிலிருக்கும் 14-க்கு வருவோம். இவற்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வரி ஒரே ஒரு பங்குதான் என்பதால் நிறத்தின் வெளுப்பை வைத்துப் பிரிக்க முடியாது. கொண்டையைப் பாருங்கள். ஆறு வாரத்தில் ஆணுக்குக் கொண்டையும் தாடியும் சிவந்து அகலமாகும். பெட்டைக்கு வெளிறிய மஞ்சளாக, சின்னதாகவே நிற்கும். காலும் ஆணுக்குத் தடிப்பு. சந்தேகமான ஒன்றிரண்டை மூன்று மாதம்வரை விட்டுவையுங்கள். அப்போது வாலுக்கு முன்னால் இடுப்பில் தொங்கும் இறகு சேவலுக்கு ஒல்லியாக, கூராக வழியும். பெட்டைக்கு நுனி உருண்டையாக இருக்கும்.