பூங்கா இணைப்புப் பாதையில் மேடு: யாரிடம் சொல்வது?
சிங்கப்பூர் பூங்கா இணைப்புப் பாதையில் மரவேர் தூக்கிய மேடு சைக்கிளைச் சாய்க்கிறது, யார் சரிசெய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூங்கா இணைப்பு தேசியப் பூங்காக் கழகத்துடையது. சாலையோர சைக்கிள் பாதை நிலப் போக்குவரத்து ஆணையம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைக்குள் நகர மன்றம். ஒரே பாதை நடுவில் கை மாறுவதும் உண்டு! அந்தத் தலைவலி உங்களுக்கு வேண்டாம். 2015-இல் வந்த ஒன்சர்வீஸ் என்ற அரசுச் செயலியில் புகாரைப் போட்டால் உரியவருக்குப் போய்விடும்.

சூட்சுமம் புகார் எழுதுவதில்தான். 'பாதை மோசம்' என்றால் எந்த இடம் என்றே தெரியாது. பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிடுங்கள். மேட்டின் அருகே செருப்பை வைத்துப் படமெடுங்கள் (சிரிக்காதீர்கள், உயரம் புரியும்). அப்புறம், 25 கி.மீ. வேகம் வரை அனுமதியுள்ள பாதை, இருட்டில் மேடு தெரிவதில்லை என்று ஒரு வரி. அசைவே இல்லையா? படத்தோடு தொகுதி எம்.பி.யின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள்.